இரண்டு மிசினும் ஒரு நுகமும்

முதல்நாள், வாழைக்குலை ஏற்ற நான் செய்த வண்டியில் பூட்டிய இரண்டு எஞ்சினையும் ஒன்றாக ஸ்டார்ட் பண்ணி, மிதியை மெல்ல அழுத்தினேன். வண்டி அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். இரண்டு எஞ்சினும் அலறின, செயின்கள் கம்பி மாதிரி விறைத்தன, கிளச் இரண்டிலிருந்தும் புகை வந்தது. வண்டி மட்டும் கிணற்றடியில் நின்ற இடத்திலேயே நின்றது. வாய்க்கால் கட்டில் குந்தியிருந்த அம்மான்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"தம்பி, நிப்பாட்டு, நிப்பாட்டு. ஒண்டு கிழக்கால இழுக்குது, மற்றது மேற்கால இழுக்குது."

அதுதான் நடந்தது. இதை இந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். வாசித்துவிட்டு யாரும் வெல்டிங் பண்ண ஓடுவதற்கு முன்னால் இந்த ஒரு விஷயமாவது மனதில் நிற்கட்டும்.

வண்டியின் கதை இப்படி. யாழ்ப்பாணத்து நீர்வேலியில் அம்மானுக்கு வாழைத் தோட்டம். கதலியும் இதரையும். தோட்டத்தின் உட்பக்கத்திலிருந்து ஒழுங்கை வாசல் வரை குலைகளைச் சுமந்து வருவதுதான் எப்போதும் பெரிய பாடு. கோடையில் சைக்கிளில் கட்டித் தள்ளலாம். மாரி பிறந்தால் செம்மண் காலில் அப்பிக்கொண்டு செருப்பையே கழற்றிவிடும். அதற்காகத்தான் இரும்புச் சட்டம் ஒட்டி, மேலே பனஞ்சலாகை அடித்து, ஓட்டோ சில்லு நாலு பூட்டி ஒரு தட்டு வண்டி செய்தேன். அதில் ஒரு ஹொண்டா ஜிஎக்ஸ் 160 எஞ்சின். கொங்கிறீட் குழைக்கும் மிசின் ஒன்றிலிருந்து கழற்றியது. 163 சிசி. நிமிடத்துக்கு 3600 சுற்றில் ஏறக்குறைய 4.8 குதிரைவலு.

காய்ந்த நிலத்தில் பத்துக் குலையோடு ஓடியது. ஐப்பசி மழைக்குப் பிறகு அதே பத்துக் குலையோடு புதைந்தது. எஞ்சின் சத்தம் போடும், கிளச் மணக்கும், சில்லு சுற்றாது. கிளச்சின் சப்பாத்து ஒரே மாதத்தில் தேய்ந்து போனது.

அந்த நேரத்தில் அயலில் ஒரு அண்ணையின் கொட்டிலில் தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்று சும்மா கிடந்தது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனதும் எங்கள் பக்கத்தில் இயலுமானவர்கள் கரண்ட் மோட்டருக்கு மாறிவிட்டார்கள். அவரும் அப்படித்தான். அந்த மிசினைத் திருப்பிப் பார்த்தால் அதுவும் 160தான். ஒரே இனம், ஒரே அளவு. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அம்மான் ஒரு காலத்தில் மாட்டுவண்டிச் சவாரிக்காரர். சிவப்பு மூடியோடு இருந்த பழைய எஞ்சினுக்குச் சிவலை என்றும், சாம்பல் பெயின்ற் அடித்திருந்த பம்ப் எஞ்சினுக்கு மயிலை என்றும் அவரே மாட்டுப் பெயர் வைத்தார். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

மயிலையின் தண்டுதான் முதல் தலையிடி. பம்புக்கென்று வரும் எஞ்சின்களில் தண்டின் நுனி திருகு வெட்டியிருக்கும், பம்பின் விசிறி அதில் நேரே திருகிக்கொள்ளும். கிளச்சோ செயின் வீலோ பூட்டுவதற்குச் சாவிப் பள்ளம் வெட்டிய நேர்த்தண்டு வேண்டும். பம்ப் எஞ்சின் வாங்கி வண்டி செய்ய நினைக்கிறவர்கள் முதலில் பம்பைக் கழற்றித் தண்டைப் பாருங்கள், பிறகு விலை பேசுங்கள். நான் விலை பேசிய பிறகுதான் பார்த்தேன். வெடித்துப்போன இன்னொரு 160இன் கிராங்கை, அதாவது அந்தத் தண்டோடு வரும் உள் இரும்பை, தேடி எடுத்து மாற்ற வேண்டியதாயிற்று.

மாற்றிய பிறகு இன்னொரு சில்லெடுப்பு. சிவலையின் தண்டு முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீற்றர். புதிதாகப் போட்ட கிராங்கின் தண்டு 20 மில்லிமீற்றர். இந்த எஞ்சின் இரண்டு அளவிலும் வரும். கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்த கிளச் சிவலையின் தண்டில் இலகுவாக ஏறியது, மற்றதில் ஏற மறுத்தது. சுத்தியலால் தட்டி ஏற்றுவோமா என்று நினைத்தேன். லேத் பட்டறை அண்ணை கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, தட்டி ஏத்தினா பிறகு வெட்டித்தான் கழட்டலாம்" என்றார். துளையை அளவாகக் கடைந்து தந்தார்.

இனி அந்தக் கிழக்கு மேற்கு விவகாரம். இந்த எஞ்சின்கள் எல்லாம் ஒரு திசையில்தான் சுற்றும். தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கமாக நின்று பார்த்தால் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசை. நான் செய்தது என்னவென்றால், இரண்டு எஞ்சினின் தண்டும் நடுவில் சந்திக்கும்படி முகத்துக்கு முகம் வைத்தேன். படத்தில் கீறிப் பார்த்தபோது வெகு அழகாக இருந்தது. சட்டத்தில் இடமும் மிச்சம். ஆனால் முகத்துக்கு முகம் வைத்தால் ஒன்று வண்டியை முன்னே தள்ளும், மற்றது பின்னே தள்ளும். கண்ணாடிக்கு முன்னால் நின்று கையைச் சுற்றிப் பாருங்கள், விளங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓடவிட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடின. சத்தத்தைக் கேட்டேன், புகையைப் பார்த்தேன். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைப் பார்க்கவில்லை.

ஆகவே இரண்டு தண்டும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். செயினில் இழுப்பதானால் வண்டியின் இடப்பக்கம் பார்க்க வைத்தால் வண்டி முன்னே போகும். வலப்பக்கம் பார்த்தால் பின்னே போகும். சட்டத்தை வெட்டி மறுபடி ஒட்டினேன். சிவலை முன்னுக்கு, மயிலை பின்னுக்கு, இரண்டுக்கும் நடுவே கீழே ஒரு குறுக்குத் தண்டு. அதில் மூன்று செயின் வீல். சிவலையின் செயின் ஒன்றில், மயிலையின் செயின் இன்னொன்றில், மூன்றாவதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு செயின்.

இரண்டு எஞ்சினின் கிராங்கையும் நேருக்கு நேர் இறுக்கிப் பூட்டினால் என்ன என்று சில நண்பர்கள் கேட்டார்கள். செய்யலாம்தான். அதற்கு ஒன்றின் பின்பக்கத்திலிருந்து தண்டு எடுக்க வேண்டும், இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ஒன்று நின்றுபோனால் மற்றது அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். பட்டறையில் மட்டக்கோலும் நூலும் வைத்துக்கொண்டு வேலை செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது சரிவராது. எஞ்சினுக்கு ஒரு கிளச், கிளச்சுக்கு ஒரு செயின், எல்லாம் வந்து சேர ஒரு பொதுத் தண்டு. சுற்றும் வேகத்தில் விரிந்து பிடிக்கும் இந்தக் கிளச்சில் ஒரு பெரிய வசதி உண்டு. எஞ்சின் ஏறக்குறைய 2000 சுற்றைத் தொட்டால்தான் பிடிக்கும். ஒரு எஞ்சின் நின்றுபோய், வண்டியின் வேகம் குறைந்து, சுற்று அதற்குக் கீழே இறங்கினால் தானாக விட்டுவிடும். செத்த எஞ்சினை உயிரோடிருக்கும் எஞ்சின் சுமக்க வேண்டியதில்லை.

அதற்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. ஒருநாள் தோட்டத்தின் நடுவில் மயிலை பெற்றோல் முடிந்து நின்றுவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. சத்தம் கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான். சிவலை தனியே பதினெட்டுக் குலையை இழுத்துக்கொண்டு வந்தது. வாசலில் இறங்கிப் பார்த்தபோது அதன் சைலன்சர் நீலம் பாரித்திருந்தது.

செயின் இறுக்கம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னுடைய இரண்டு வாரத்தைத் தின்றது அதுதான். நான் இரண்டு எஞ்சினையும் ஒரே தகட்டில் பூட்டியிருந்தேன். நடுத்தண்டை முன்னுக்குத் தள்ளினால் பின் செயின் இறுகும், முன் செயின் தொய்யும். பின்னுக்குத் தள்ளினால் மறுபக்கம். அரை நாள் அதை ஆட்டி ஆட்டிப் பார்த்தபிறகுதான் மூளை வேலை செய்தது. நடுத்தண்டு அசையவே கூடாது. ஒவ்வொரு எஞ்சினும் தன் தன் தகட்டில், நீளத் துளை போட்டு, தனித்தனியாக நகர வேண்டும். புதுச் செயின் முதல் சில மணித்தியாலத்தில் நீளும். அப்போது ஒவ்வொன்றையும் தனியே இறுக்கலாம். விரலால் அமத்தினால் நடுவில் அரை அங்குலம் ஆடினால் போதும். விறைப்பாக இறுக்கினால் பேரிங் போகும்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு சிவலையும் ஸ்டார்ட் ஆகவில்லை, மயிலையும் ஸ்டார்ட் ஆகவில்லை. முதல் நாள் இரண்டும் ஓடிய எஞ்சின்கள். பிளக்கை மாற்றினேன், காபிரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். கை தோள்மூட்டிலிருந்து கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் பார்த்தால் நிறுத்தும் சுவிட்ச். ஒரே சுவிட்சில் இரண்டையும் நிறுத்த வேண்டும் என்பதற்காக இரண்டு எஞ்சினின் நிறுத்தும் வயரையும் முறுக்கி ஒன்றாக்கியிருந்தேன். அப்படிச் செய்தால் ஒன்றின் கொயிலில் பிறக்கும் மின்சாரம் மற்றதன் கொயில் வழியாகச் சட்டத்துக்கு இறங்கிவிடும். பொறி வராது. இரண்டு வயரையும் தனித்தனியாக வைத்து, ஒரே பொத்தானில் இரண்டு இணைப்பை வேறு வேறாக மூடும் இரட்டைச் சுவிட்ச் போட வேண்டும். நாலைந்து கடை ஏறி இறங்கி ஒன்று எடுத்தேன். அந்தச் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில், கண்ணை மூடிக்கொண்டும் தட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டும் ஓடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த பிரச்சினை வந்தது. இரண்டு தாங்கியிலும் சம அளவு பெற்றோல் விட்டு ஒரு காலை முழுவதும் ஓடினோம். சிவலையின் தாங்கி காய்ந்துவிட்டது. மயிலையில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. சத்தம் இரண்டும் போட்டன. வேலை ஒன்றுதான் செய்தது.

அம்மானுக்கு இது உடனே பிடிபட்டது. "சோடி சேராத மாடு. ஒண்டு இழுக்கும், மற்றது கூட நடக்கும்" என்றார்.

காரணம் கவர்னர். இந்த எஞ்சின்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் உள்ளேயே இருக்கிறது. சுமை ஏறிச் சுற்று குறைந்தால் அது காற்று வாயிலைத் திறக்கும், சுற்று கூடினால் மூடும். சிவலையின் கவர்னர் 3600க்கும் மயிலையின் கவர்னர் 3400க்கும் நின்றால் என்ன நடக்கும்? செயின் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கிறது. சிவலை 3500இல் இழுத்துக்கொண்டிருக்கும். மயிலையோ, நான் ஏற்கெனவே வேகமாகத்தான் ஓடுகிறேன் என்று நினைத்து வாயிலை மூடிக்கொள்ளும். மிகப் பெரிய சுமை வந்து, வேகம் 3400க்குக் கீழே விழுந்தால்தான் மயிலைக்குத் தோளில் நுகம் இருப்பதே தெரியும்.

கவர்னரைக் கழற்றி எறி என்று சொன்னவர்களும் உண்டு. செய்யாதீர்கள். செயின் ஒன்று அறுந்தால் சுமையில்லாத எஞ்சின் கண்மூடித்தனமாக ஏறும். அப்போது அதைப் பிடித்து நிறுத்துவது கவர்னர் மட்டும்தான். இந்தச் சிறிய எஞ்சினின் பிளைவீல், தண்டோடு சுற்றும் கனத்த சக்கரம், அந்த வேகத்துக்கு வார்த்ததல்ல. அது வெடித்துச் சிதறினால் பக்கத்தில் இருப்பது உங்கள் முழங்கால்.

நாங்கள் செய்தது இரண்டு வேலை. பிளக் வயரில் சுற்றிவிட்டால் சுற்றைக் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று கிடைக்கிறது. அதைப் போட்டு, சுமையில்லாமல் இரண்டையும் ஒரே சுற்றில் நிற்கும்படி கவர்னர் ஸ்பிரிங்கைத் திருகிச் சரிசெய்தோம். மயிலையின் ஸ்பிரிங் பழசு, இளகியிருந்தது. இரண்டுக்கும் ஒரே நாளில் வாங்கிய புது ஸ்பிரிங் போட்ட பிறகுதான் சரிவந்தது.

இரண்டாவது வேலை அம்மானுடைய யோசனை. ஒரே மிதியிலிருந்து இரண்டு எஞ்சினுக்கும் கேபிள் இழுத்திருந்தேன். ஒரு கேபிள் கொஞ்சம் நீண்டுவிட்டாலும் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். "நுகம் போடு" என்றார் அம்மான். ஒரு சாண் நீள இரும்புத் துண்டு. அதன் நடுத்துளையில் மிதியிலிருந்து வரும் கேபிள், இரண்டு முனையிலும் எஞ்சின்களுக்குப் போகும் கேபிள். ஒன்று தன் எல்லையைத் தொட்டதும் இரும்பு சரிந்து மற்றதை இழுக்கும். நடுத்துளைக்கு இரண்டு பக்கமும் இன்னும் சில துளைகள் போட்டு வைத்தேன். ஏர் பூட்டும்போது பலமான மாட்டின் பக்கமாக நடுப்பூட்டைத் தள்ளிக் கட்டினால் பாரம் அதற்குக் கூடப் போகும், இளைத்த மாட்டுக்கு ஆறுதல் கிடைக்கும். அந்தக் கணக்குத்தான் இது. பொறியியல் படித்த மச்சான் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு இதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னான். எங்கள் வண்டியில் அது நுகம்தான்.

இப்போது ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய வண்டி சேற்றில் புதைந்ததற்கும் கிளச் எரிந்ததற்கும் பாதிக் காரணம் எஞ்சினின் வலுக்குறைவு அல்லவே அல்ல. செயின் வீலின் பல்லுக் கணக்குத்தான். ஓட்டோ சில்லு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.3 மீற்றர் போகும். நான் வைத்திருந்த விகிதம் 6க்கு 1, அதாவது எஞ்சின் ஆறு தரம் சுற்றினால் சில்லு ஒரு தரம். 3600 சுற்றில் மணிக்கு ஏறக்குறைய 47 கிலோமீற்றர். வாழைத் தோட்டத்துக்குள் 47இல் எங்கே ஓடுவது? கிளச் முழுதாகப் பிடிக்கும் 2000 சுற்றிலேயே வண்டி மணிக்கு 26இல் போக வேண்டும். நாங்களோ எட்டில், பத்தில் ஊர்ந்தோம். அதாவது வாழ்நாள் முழுக்கக் கிளச் வழுக்கிக்கொண்டே இருந்தது. வழுக்கினால் எரியத்தானே செய்யும்.

நடுத்தண்டு போட்டபோது அதைத் திருத்தினேன். எஞ்சினில் 12 பல், நடுத்தண்டில் 60. அங்கிருந்து 14 பல், அச்சில் 42. மொத்தம் 15க்கு 1. உச்ச வேகம் 18, 19தான். ஆனால் மணிக்குப் பத்தில் போகும்போதே கிளச் இறுகப் பிடித்துவிடுகிறது. கணக்குப்படி ஒரு எஞ்சினுக்குச் சில்லில் ஏறக்குறைய 75 கிலோ இழுவை, இரண்டுக்கும் 150. செயினிலும் பேரிங்கிலும் போவதைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்த விகிதத்தை முதலிலேயே வைத்திருந்தால் கோடை காலத்துக்கு இரண்டாவது எஞ்சினே தேவைப்பட்டிருக்காது. மாரிக்கு மட்டும் தேவை. ஆகவே உங்கள் வண்டி இழுக்கவில்லை என்றால் இன்னொரு எஞ்சின் தேடுமுன் பல்லை எண்ணுங்கள்.

பார்க்க வருகிற பெடியள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று. "அண்ணை, ரெண்டு எஞ்சின் எண்டால் ரெண்டு மடங்கு ஓடுமோ?" ஓடாது. இரண்டு மாடு கட்டினால் இரண்டு மடங்கு பாரம் இழுக்கலாம், இரண்டு மடங்கு வேகம் வராது. காற்றை எதிர்த்து ஓடும் வண்டிக்குக்கூட வலுவை இரட்டித்து, பல்லையும் அதற்கேற்ப மாற்றினால் வேகம் கால்வாசிதான் கூடும். ஒருவன் வல்லை வெளி வீதியில் கொண்டுபோய் ஒரு ஓட்டம் பார்ப்போம் என்றான். பதிவில்லாத வண்டி பொதுவீதியில் ஏறக்கூடாது. ஏறினால் பொலிஸ் மட்டும் பிரச்சினை இல்லை, யாரையாவது இடித்தால் காப்புறுதியும் இல்லை. இந்த வண்டி ஒழுங்கை வாசலைத் தாண்டியதில்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. சித்ரோஎன் 2சிவி சஹாரா என்று 1960களில் ஒரு கார் இருந்தது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று 425 சிசி எஞ்சின் இரண்டு. பாலைவன மணலுக்காகச் செய்தது. ஒரு எஞ்சினோடும் ஓடலாம். இரண்டாம் உலகப் போரில் ஷெர்மன் என்ற யுத்தத் தாங்கியின் ஒரு வகைக்கு ஐந்து கார் எஞ்சினை ஒன்றாகச் சேர்த்து 30 சிலிண்டரில் ஓடவிட்டார்கள். பெரிய எஞ்சின் கைவசம் இல்லாவிட்டால் உள்ளதைக் கட்டி ஓட்டுவதுதான். 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோலே இல்லாமல், காபிரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. அம்மானுக்கு என் வண்டியில் எதுவுமே புதினமாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

சஹாராவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம். போகும்போது வெறும் வண்டி, ஒரு எஞ்சின் போதும். இந்த எஞ்சின் முழு வலுவில் மணிக்கு 1.4 லீற்றர் குடிக்கும். இரண்டையும் வெறுமனே ஓடவிட்டால் கட்டுபடியாகாது. ஒருநாள் சிவலை, ஒருநாள் மயிலை என்று மாற்றி ஓடுகிறோம்.

சுவிட்ச் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஒரு பின்னேரம் சாரத்தோடு வண்டியில் ஏறினேன். செயினுக்கு இன்னும் மூடி போடவில்லை, நாளைக்குப் போடலாம் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாரத்தின் நுனியைப் பின் செயின் கவ்வியது. ஒரு கணத்தில் இடுப்புவரை இழுத்துவிட்டது. சுவிட்ச் கைக்குப் பக்கத்தில் இருந்தபடியால் தட்டினேன். இரண்டும் நின்றன. சாரம் போனது, தொடையில் ஒரு கையளவு தோல் போனது, மானமும் கொஞ்சம் போனது. ஒற்றை எஞ்சினுக்கு மட்டும் வேலை செய்கிற சுவிட்சாக இருந்திருந்தால் மற்றது இழுத்துக்கொண்டே இருந்திருக்கும். அன்றிரவே தகரம் வெட்டி மூன்று செயினுக்கும் மூடி போட்டேன். இப்போது களிசானோடுதான் ஏறுவது, அம்மானுக்கும் அதே சட்டம்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் இருக்கின்றன. சிவலையின் புகை மயிலையின் காற்று வடிகட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது, இடையில் தகரம் வைத்தேன். கிளச்சின் திருகாணிகள் நடுக்கத்தில் கழன்றன, திருகுப் பசை போட்டேன். பிரேக் ஒரு எஞ்சின் காலத்தில் போட்டது, இரட்டைப் பாரத்துக்குப் போதாமல் போய் இரண்டு பின் சில்லுக்கும் போட்டேன்.

தீராதது ஒன்று. பின் அச்சு ஒரே இரும்பு, இரண்டு சில்லும் ஒன்றாகத்தான் சுற்றும். செம்மண்ணில் அது நல்லது, ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றது பிடிக்கும். வீட்டு முன் சீமெந்து முற்றத்தில் திருப்பினால் ரயர் கத்துகிறது, இரண்டு பேர் பின்னால் தூக்கித் திருப்ப வேண்டியிருக்கிறது. திருப்பத்தில் இரண்டு சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பழைய டிஃபரன்ஷியல் ஒன்று அச்சுவேலிப் பக்கம் ஒரு பட்டறையில் கிடப்பதாக லேத் அண்ணை சொன்னார். மழை விட்டதும் போய்ப் பார்க்க வேண்டும். இந்தமுறை பல்லை எண்ணிவிட்டுத்தான் விலை பேசுவேன்.